எம் சைஸ் அப்பா

பத்து வயதுக்காரிக்கும் ‘அந்தக் காலம்’ என்று ஒன்று உண்டு. கிருத்திகாவுக்கு அது ஒன்றாம் வகுப்பு.

அந்தக் காலத்தில், தைப்பூசம் என்றால் அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சிவன்மலைப் படிகளில் விறுவிறுவென்று ஏறுவார். அப்பாவின் காதுகள்தான் அவளுக்குக் கைப்பிடி.

போன தைப்பூசத்தில் அப்பா பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே திரும்பி வந்தார்கள். அது அவளுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. பள்ளி திறந்த வாரமே கேட்டுவைத்தாள்.

“அடுத்த பூசத்துக்கு ரெண்டு பேரும் ஏறலாமுங்களாப்பா?”

“நீயும் அம்மாவும் ஏறுங்க கண்ணு. நான் பஸ்ல மேல வந்து முருகன்கிட்ட அட்டெண்டன்ஸ் போட்டுடறேன்.”

“டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னாருங்கல்ல?”

“எடையா? நான் இன்னும் எம் சைஸ்தான், பாரு!” அப்பா காலரைத் திருப்பி லேபிளைக் காட்டினார்.

அப்பா வேல்குமார், வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஏற்றுமதியில் மிஞ்சும் டி-சர்ட்தான் அவருக்கு எப்போதும். வெளிநாட்டுக்காரர்கள் வாட்டசாட்டமானவர்கள் போலிருக்கிறது. அவர்களுடைய எம், நம்மூருக்குத் தொளதொள. போதாததற்குப் பனியன் துணி, இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும்.

கிருத்திகா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நிதிஷ் அண்ணன் உள்ளூர்க் கடையில் எடுத்த எம் சைஸ் டி-சர்ட்டை வாங்கி வந்தாள்.

“இதையும் போடுங்க பாக்கலாம்.”

தலை போனது. கைகள் போயின. தொப்பை போகவில்லை. கழற்றவும் முடியவில்லை. அம்மா ஒரு பக்கமும் கிருத்திகா ஒரு பக்கமும் இழுத்து அப்பாவை வெளியே எடுத்தார்கள்.

“லேபிள் ஏமாத்திருச்சு கண்ணு,” என்றார் அப்பா.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவாங்க சொன்னாங்க?” என்றார் அம்மா.

அவ்வளவுதான். அப்பா சோற்றைத் தொடவில்லை. மூன்று வேளையும் கொள்ளு. வயிறு ஓவர்லாக் தையல் மிஷின் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. கட்டிங் டேபிளைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். வாரக் கடைசியில் தலைசுற்றி உட்கார்ந்தவர், நேராகப் பரோட்டாக் கடைக்கே போய்விட்டார்.

“இது நமக்கு ஆகாது கண்ணு. நான் பஸ்லயே வர்றேன்.”

கிருத்திகா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு எப்பங்க ரொம்பப் பசிக்கும்?”

“நாலு மணி டீ டைம்ல. போண்டாத் தட்டைப் பாத்தாக் கை தானாப் போயிரும். அப்புறம் ராத்திரி வேலை முடிச்சு வர்றப்ப, அந்தப் பரோட்டா வாசனை இருக்கே...”

நாலு மணிக்கு அவளுக்கும்தான் பசிக்கும். அம்மா சுண்டலோ கொய்யாவோ கொடுப்பார்.

மறுநாள் அப்பாவின் பையில் இன்னொரு டப்பா ஏறியது. பாசிப்பயறு சுண்டலும் பாதிக் கொய்யாவும். மீதிப் பாதி அவளுக்கு.

“ராத்திரி ஒண்ணாச் சாப்பிடலாமுங்க. நீங்க வர்ற வரைக்கும் காத்துட்டிருப்பேன்.”

பிள்ளை பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த அப்பாவுக்குப் பரோட்டா இறங்கும்? அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். தோசை கொஞ்சம், காய் நிறைய. பிறகு தெருமுனை வரை ஒரு நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பரோட்டா.

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணே ஒண்ணுதானுங்க.”

மாயம் ஒன்றும் நடக்கவில்லை. போண்டா ஜெயித்த நாட்களும் உண்டு. மறுநாள் டப்பா மறுபடி ஏறும். ஆடி போனது, தீபாவளி போனது. இப்போது அப்பா தொப்பை இடிக்காமல் குனிந்து தானே செருப்பு வாரை மாட்டிக்கொண்டார்.

தைப்பூசம் வந்தது. இருவரும் படியேறினார்கள். போன வருடம் உட்கார்ந்த படியைத் தாண்டினார்கள். இன்னும் கொஞ்சம் மேலே போனதும் ஒருவருக்கு மூச்சு வாங்கியது.

“கொஞ்சம் உக்காரலாமுங்களாப்பா?” என்றாள் கிருத்திகா.

“உக்காரு கண்ணு. முருகன் எங்க ஓடிப்போறாரு?”

ஒரே படியில் இருவரும் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் முதலில் எழுந்து கை நீட்டியது அப்பாதான்.