கடைசிக் கவளம்

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, கடலைப் பார்த்த பதினேழாம் மேசையில் மரகதம் வந்து உட்கார்ந்தாள். பீங்கான் தட்டுகள் மின்னும் அந்தத் தூத்துக்குடி நட்சத்திர ஓட்டலில் அவள் மேசைக்கு மட்டும் வாழையிலை. அது வேதமூர்த்தி ஐயாவின் விருப்பம்.

மணிக்கட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தினாள். நாக்கு வழக்கம்போல மரத்தது.

கூடத்தில் நாற்பது பேர் மென்றுகொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் ருசி இல்லை. உண்ண முடியாத நோயாளிகள் எங்கெங்கோ படுத்திருக்க, இவர்கள் அவர்களுக்காக உண்கிறார்கள். நாவிரவல் என்று அந்த வேலைக்குப் பெயர். மறுமுனையில் விருந்தினரான நோயாளி இணைந்ததும் இங்கே நாக்கு மரத்துவிடும். ருசியெல்லாம் சுவையிழை வழியே அவருக்குப் போகும். ஐந்தாறு ஆண்டுகளில் பலருக்கு நாக்கு திரும்புவதேயில்லை. மரகதத்துக்கு இது ஆறாவது ஆண்டு.

வேதமூர்த்தி குன்னூரில் குழாய்வழி உணவில் கிடப்பவர். நான்கு ஆண்டுகளாக, கடைசிக் கவளத்துக்கு முன் தாமாகவே இழையை அணைத்துவிடுவார். "இது உனக்கு, தாயி. உன் நாக்கு உயிரோட இருக்கான்னு நீயும் பாத்துக்கிடணும்லா?" என்று காதுக்குள் சொல்வார். "இலையை நம்ம பக்கமா மடி. மறுபடி வரணும்லா."

இன்று அவர் பேசவேயில்லை. களைப்பாக இருக்கும் என்று எண்ணி, அவருக்காக எல்லாவற்றையும் மெதுவாக மென்றாள். ஒரு வாய் மோர்ச்சோறும் நார்த்தங்காயும் மிஞ்சியிருந்தபோது மேற்பார்வையாளர் ஜெபராஜ் ஓடி வந்தார்.

"யக்கா, யாருக்குச் சாப்பிடுதீய?"

"ஏன், இலையப் பாத்தா தெரியலையா? ஐயாவுக்குத்தான்."

"அவரு காலையிலயே தவறிட்டாராம். இப்பத்தான் சேதி வந்துச்சு. இழை தொறக்கவே இல்லக்கா."

கையிலெடுத்த கவளத்தை அவள் இலையிலேயே விட்டாள். பாயசம்கூட மண்ணாக இருந்ததே. அப்படியானால் செத்தது தன் நாக்கு. வீட்டில் மகள் வைக்கும் ரசமும் இனி இப்படித்தான்.

"ஜெபா, எனக்குப் போயிருச்சு."

விருந்தினர் மேசையில் மற்ற ஊழியர் உட்காரக் கூடாது. ஜெபராஜ் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இருக்கேன். அந்த ஒரு வாயையும் சாப்பிட்டுப் பாருங்க."

முருகனை நினைத்துக் கவளத்தை வாயில் வைத்தாள்.

மோரின் புளிப்பு வந்தது. பிறகு உப்பு. பிறகு நார்த்தங்காயின் கசப்பு.

யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு போல, நாக்கில் ஒரு வெதுவெதுப்பு.

அவள் முகத்தைப் பார்த்த ஜெபராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தணிந்த குரலில் சொன்னார்: "சாவுச் சாப்பாடுன்னா இலையை அந்தப் பக்கமால்லா மடிக்கணும், யக்கா."

மரகதம் இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.