எட்டாவது மாடி நாற்காலி

"எழுந்திருங்க."

உதயா நிமிர்ந்து பார்த்தான். எதிரே ஒரு இளம்பெண். எட்டு மாடி ஏறிய மூச்சு இன்னும் நெஞ்சுக்குள் திரும்பவில்லை. தோளில் டூல் பை வேறு. படி முடிகிற இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது... உட்கார்ந்துவிட்டான். இதற்குப் போய் இப்படி ஒரு முறைப்பா?

ஆனால் அந்தக் கண்கள்... பகலிலும் இருட்டிக் கிடந்த அந்த நடையில் வெளிச்சம் என்று இருந்ததே அவை இரண்டும்தான்.

"தண்ணி வேணும்னா கேளுங்க, தரேன். அந்த சேர்ல மட்டும் உக்காராதீங்க சார்."

"ஏங்க, சேர்னா உக்காரத்தானே?"

"அது எங்க பிளாக்கு ஆம்புலன்ஸு."

சிரித்தபடி எழுந்தவன் அப்போதுதான் கவனித்தான். நாற்காலியின் இரண்டு கைகளிலும் தடிமனான நைலான் கயிறு. முதுகுப் பக்கம் இன்னொரு முடிச்சு. சிரிப்பு பாதியில் நின்றது.

"லிஃப்ட் நின்னு அஞ்சு மாசம் ஆவுது. இந்தப் படில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. எங்க நைனாக்கு நெஞ்சு வலி வந்தப்போ இதுல உக்கார வச்சு, கயித்தால கட்டி, நாலு பேரு தூக்கினு எறங்குனாங்க. செம மழை. மூணாவது மாடில கரண்ட் வேற பூட்ச்சு."

"அப்பா இப்போ..."

"கீறாரு. படப்பைல அத்தை வூட்ல. படியே ஏறக்கூடாதுன்ட்டாரு டாக்டரு. அதான், இன்னும் வூட்டுக்கு வரல."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடையின் கோடியில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதற்கப்பால், மழை மேகத்துக்குக் கீழே பள்ளிக்கரணை சதுப்பு... வெள்ளை வெள்ளையாகப் பறவைகள்.

"காலைல எந்திரிச்சா அதுங்கள பாக்கணும் அவருக்கு. அங்க ஜன்னலத் தொறந்தா பக்கத்து வூட்டு செவுரு. டெய்லி போன்ல கேக்குறாரு, பறவைங்கல்லாம் வந்துச்சா ஜான்சின்னு... ஆமா, நீங்க யாரு?"

"லிஃப்ட் கம்பெனி."

"ஓ, வந்துட்டீங்களா. அப்போ உங்காளு ஒருத்தர காட்றேன், வாங்க."

நாற்காலிக்கு மேலே சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜெராக்ஸ் தாள். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. லிஃப்ட் நல்ல நிலையில் இயங்குகிறது.' கீழே பெயர் இல்லாத ஒரு கையெழுத்து. தூண்டில் கொக்கி மாதிரி ஒரு வளைவு, அதன் அடியில் இரண்டு புள்ளி.

"தகவல் கேட்டு மனு போட்டு வாங்குனது. நைனாவத் தூக்கினு எறங்குன அதே வாரம் போட்டது சார். இந்த ஆள நேர்ல பாத்தா ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

உதயா தாளுக்கு அருகே போனான்.

அந்தக் கொக்கி... அவனுடையது.

தாம்பரம் ஆபீஸ். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். சூப்பர்வைசர் ராஜாராமன் நாற்பது தாளைக் கொண்டுவந்து வைத்தார். "எல்லாம் ஓடிட்டுதான்டா இருக்கு, போடு." ஒரு கையில் பஜ்ஜி, இன்னொரு கையில் பேனா. பஜ்ஜி ஆறுவதற்குள் நாற்பதையும் முடித்துவிட்டான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "ரெண்டு நாள்ல ஓட வச்சிடறேங்க" என்றுதான் வந்தது.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். பாதி டம்ளர் டீ, பாதி டம்ளர் சர்க்கரை.

அன்று ஆபீசில் ராஜாராமன் எகிறினார். பார்த்துவிட்டு வரச் சொன்னால் பழுது பார்க்க யார் சொன்னது? "அந்த நாப்பது லிஃப்ட்டையும் யார் சார் பாத்தது?" என்று உதயா மெதுவாகத்தான் கேட்டான். மறுநாள் மதியமே லிஃப்ட்டுக்குப் புது கன்ட்ரோல் போர்டு வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் ரசீதை நீட்ட, ஜான்சியிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"லிஃப்ட் சார், உங்க ஆளு எந்திரிச்சாரா?" அன்று காலையில்தான் லிஃப்ட்டைக் காட்டி அவள் விளையாட்டாகக் கேட்டிருந்தாள்.

"தூங்குறாரு. தட்டி எழுப்பறேன்."

"மெதுவா தட்டுங்க. எங்க பிளாக்கு செவுத்துக்கு ஒருத்தர் இருமுனா எட்டு வூடு எந்திரிக்கும்."

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்கால டீயில் சர்க்கரையும் இல்லை. தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக் குடித்தான்.

மூன்றாம் நாள் காலை லிஃப்ட் ஓடியது. பத்து மணிக்கெல்லாம் ஆட்டோவில் அத்தையோடு வந்து இறங்கினார் ஜான்சியின் அப்பா சாலமன். மெலிந்த உடம்பு. உதயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி. உன்னாலதான் நான் வூடு வந்து சேந்தேன்."

அந்தக் கைகளின் சூட்டை அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயா... மேல ஒட்டியிருக்கே, அந்தக் கையெழுத்து என்னுது. நான் வரவே இல்ல. பாக்காமலே போட்டுட்டேன்."

சாலமன் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். அவனையும் லிஃப்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதுங்க. பதினெட்டு தடவ ஏறி இறங்கிப் பாத்தேன்."

"அப்ப நான் மேல போறேன். மிச்சத்த அவகிட்ட பேசிக்க."

அத்தையும் அவரும் உள்ளே போக, லிஃப்ட் கதவு மூடியது. உதயா தரையைப் பார்த்து நின்றான். இனி அந்தக் கண்களில் அவனுக்கு இடமில்லை...

"நேத்தே தெரியும்" என்றாள் ஜான்சி.

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டு மாசமா டெய்லி அந்தக் கொக்கியப் பாத்து திட்டினு கீறேன். என் பேனாலயே அதே கொக்கிய போட்டா தெரியாதா? டீல சக்கர இல்லையே, பாக்கல?"

"தீந்துடுச்சுன்னு..."

"ரெண்டு கிலோ கீது வூட்ல. நீங்களா வாய தொறக்குறீங்களான்னு பாத்துகினு இருந்தேன்."

"தொறக்கலன்னா?"

"லிஃப்ட் ஓடியிருக்கும். நீங்க பூட்டிருப்பீங்க. அவ்ளோதான்." அவள் படிப் பக்கம் நடந்தாள். "லிஃப்ட் வேணாம். நடந்து வாங்க."

ஏறினார்கள். இரண்டாவது மாடி இருட்டு, மூன்றாவது மாடித் திருப்பம்... நான்கு பேர் ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு இதில் எப்படித்தான் இறங்கினார்களோ. ஐந்தாவது மாடியில் அவள் நின்றாள்.

"கேட்டுர்றேன். அந்தக் கையெழுத்த போடும்போது, இங்க ஆளுங்க கீறாங்கன்னு ஒரு நிமிஷமாச்சும் தோணுச்சா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

"தோணல."

"இப்போ?"

"இப்போ... எட்டாவது மாடியத் தவிர வேற எதுவுமே தோணலைங்க."

அடுத்த மூன்று மாடியும் அவள் அவன் கூடவே, அவன் வேகத்துக்கே ஏறினாள். மேலே போனதும் குனிந்து, நாற்காலியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் சாலமனின் குரல் கேட்டது... பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாசாமாசம் நீங்கதான் வந்து பாக்கணும்" என்றாள்.

"மாசத்துக்கு ஒருக்காதானா?"

அந்தக் கண்களில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க... டீ கொண்டாரேன்."