மூடாத திரை

பாடுவதற்கு முன் கார்ட்டூன் பெண் இடது காதுமடலைத் தொட்டாள். நேற்றுவரை தொட்டதில்லை.

லூசியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினோராவது முறையாகப் பார்க்கிறான். பால்டிமோர் திரையரங்கின் மாடியில், கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மர இருக்கைகளில், அவன் ஒருவன்தான். கீழே வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காதுமடலைத் தொட்டுவிட்டுப் பாடுவது வெர்டெலின் பழக்கம். அவன் மனைவி. புதைத்து ஏழு வாரம்.

அந்தக் குரல் அவளுடையது. வேறெங்கும் பதிவாகவில்லை. ஜாஸ் குழுவோடு நின்று அவள் பாடிய பாட்டைக் கரி பூசிய முகமும், வெள்ளை வளையமிட்ட தடித்த வாயும், மண்டையில் செருகிய எலும்புமாக வரைந்த ஒரு காட்டுவாசிப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். படத்தில் அந்தக் கரிமுகத்தாள் கொதிக்கும் அண்டாவைச் சுற்றி ஆடுகிறாள். சாவதற்கு முன், படம் முதன்முதல் வந்தபோது பார்த்துவிட்டு வந்து வெர்டெல் முகம் கழுவினாள். மூன்று முறை.

காட்சி முடிந்து விளக்கு எரிந்தது. கூட்டிப் பெருக்கும் மிஸ் ஐடெல்லா துடைப்பத்தோடு வந்தாள்.

"இன்னும் போகலையா தம்பி? நீ உக்காந்து உக்காந்து அந்தச் சீட்டே பள்ளம் விழுந்துபோச்சு."

"நாலு மணிக் காட்சியும் பாத்துட்டுப் போறேன், மிஸ் ஐடெல்லா. நாளைக்குப் படத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் அவ குரலே இல்ல."

அவள் பெருக்குவதை நிறுத்தினாள். "அவ போன அன்னைக்குக் கண்ணாடியெல்லாம் சுவத்துப் பக்கம் திருப்பினியா?"

"திருப்பினேன். அவ அம்மாவுக்காக. நான் காலேஜ் படிச்சவன், எனக்கு அதுல நம்பிக்கையில்ல."

"நீ நம்பாட்டியும் போற உசிரு அதுக்குள்ள மாட்டிக்கும்டா. அவ உருவம் தெரியற எதையும் விடக்கூடாது. மூடிடணும்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்க்காமல் படியிறங்கினாள்.

நாலு மணி. மீண்டும் இருட்டு. தூசி மிதக்கும் ஒளிக்கற்றை அவன் தலைக்கு மேலாகப் போயிற்று. பழைய வெல்வெட்டின் ஈரவாடையும் வறுத்த சோளத்தின் வெண்ணெய் மணமும் கீழிருந்து ஏறி வந்தன. டிரம்பெட் நீட்டி அழைத்தது, முரசு அதட்டியது, அண்டாவிலிருந்து ஆவி எழுந்தது. கரிமுகத்தாள் வந்தாள். காதுமடலைத் தொட்டாள்.

பாடவில்லை.

இருமினாள்.

ஒலிப்பதிவில் வெர்டெல் இருமவே இல்லை. மூச்சைப் பிடித்து அடக்கிக்கொண்டு, வெளியே படிக்கட்டுக்கு வந்துதான் இருமினாள். அவன்தான் கைக்குட்டையை நீட்டினான். அதே இருமல். கீழே சிரிப்பு. அவள் வாயைத் துடைத்தாள். வெள்ளை வளையம் அழியவில்லை. மறுபடி துடைத்தாள். மூன்று முறை. சிரிப்பு கூடியது.

அவள் மாடியைப் பார்த்தாள்.

"வெர்டெல்," என்றான்.

முடிவில் எப்போதும்போல் நாலாபுறமிருந்தும் கறுப்பு சூழ, படம் ஒரு வட்டமாகச் சுருங்கி வந்தது. தட்டளவு. காசளவு. நின்றது. வட்டத்தின் விளிம்பை உள்ளிருந்து ஒரு கை பற்றியிருந்தது. வெள்ளைக் கையுறை. நாலே விரல்.

இசை ஓய்ந்தது. விளக்கு எரிந்தது. யாரோ கயிற்றை இழுக்க, சிவப்புத் திரைச்சீலை வந்து மூடிக்கொண்டது. கூட்டம் எழுந்து தொப்பிகளை மாட்டிக்கொண்டு வெளியேறியது.

சீலையின் நடுவிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்றாவதில், அவளோடு புதைத்த மோதிரம்.