வெட்டியெடுத்த ஒன்பது நொடிகள்

ரோன்ஸே ஊரின் பழைய நெசவாலைதான் எங்கள் ஆய்வுக்கூடம். பிப்ரவரியில் ஒரு மதியம் அன்னலோர் அங்கே வந்தாள். எங்களோடு வேலை செய்த வானஸின் தங்கை. மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போன அண்ணனின் பொருள்களை வாங்கிப்போக வந்திருந்தாள். மழை அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

நாங்கள் செய்வது வீட்டுக்குள்ளேயே ஓட்டும் சைக்கிள் இயந்திரம். ஓட்டுகிறவர் சாய்ந்தால் சென்சார்கள் அறிந்து மேடையையும் சாய்க்கும். மேட்டில் முன்பக்கம் தூக்கும், இறக்கத்தில் தாழும், கல் பாவிய சாலையில் எலும்பு குலுங்கும். இந்த அசைவுகளை நிஜச் சாலையில் ஓட்டிப் பதிந்து வருவது வானஸின் வேலை. அவன் சைக்கிளில் சென்சார்களைப் பொருத்துவது என் வேலை.

நவம்பர் மழையில், காட்டுச்சாலை இறக்கத்தின் கடைசி வளைவில், மரத்தில் மோதிச் செத்தான். “கண்மண் தெரியாம ஓட்டினான்” என்று எங்கள் முதலாளி டிர்க் எல்லோரிடமும் சொன்னார். பதிவின் கடைசி ஒன்பது நொடிகளை வெட்டச் சொன்னார். வெட்டினேன். மிச்சத்தை இயந்திரத்தில் ஏற்றி விற்பனைக்கு வைத்தார்.

அன்று அவளிடமும் அதைக் காட்டினார்.

“ஏறிப் பாரும்மா. உங்கண்ணன் போன ரோடுதான். அப்படியே அவன் கூடப் போற மாதிரி இருக்கும்.”

அன்னலோர் மேடையைக் கையால் காட்டினாள்.

“நீ ஏறு.”

“என்னது?”

“எங்கண்ணனுக்கு ஓட்டத் தெரியலைன்னு ஊர் பூரா சொன்னியே. எப்படி ஓட்டணும்னு நீ காட்டு.”

டிர்க் இளவயதில் பந்தயம் ஓடியவர். சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் சைக்கிள் காலணியை மாட்டிக்கொண்டு ஏறி, காலைப் பூட்டினார். நான் பதிவை ஓடவிட்டேன்.

திரையில் ஈரமான மரங்கள் விரைந்தன. மேடை முன்னால் தாழ்ந்தது. டிர்க் சிரித்தபடி சாய்ந்தும் நிமிர்ந்தும் வந்தார். கடைசி வளைவு தெரிந்தது. பதிவு அங்கே முடிய வேண்டும்.

முடியவில்லை.

கூடத்துக்குள் மட்கிய இலையின் வாசனை எழுந்தது. தேய்ந்து கருகும் ரப்பரின் நாற்றமும்.

“கிரீட், நிறுத்து” என்றார் டிர்க்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். பிறகு சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினேன்.

இயந்திரத்தின் விசிறி நின்றது. மேடை நிற்கவில்லை.

டிர்க்கின் விரல்கள் வெளுத்தன. அவர் பிரேக்கைப் பிடிக்கவில்லை; வேறு எதுவோ அவர் விரல்களைப் பிரேக்கோடு சேர்த்து நெரித்தது. இருண்டிருக்க வேண்டிய திரையில், பிரேக்கின் அழுத்தத்தைக் காட்டும் கோடு உச்சிக்கு ஏறி நின்றது. வேகத்தின் கோடு துளியும் இறங்கவில்லை.

வானஸ் பிரேக் பிடித்திருந்தான். இரண்டு கையாலும், முழுப் பலத்தோடு.

“விடு! விட்டுடு!” டிர்க் அலறினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. “சொன்னான்! காலையிலேயே சொன்னான், பிரேக் சரியாப் பிடிக்கலைன்னு! நான்தான் போகச் சொன்னேன், மழை விட்டுடும்னு!”

மேடை சட்டென நின்றது. டிர்க் சரிந்து தொங்கினார்.

அன்னலோர் என் பக்கம் திரும்பினாள்.

“பிரேக் ஏன் பிடிக்கலை?”

“என் சென்சார் பெட்டி பிரேக் கம்பியை நசுக்கிட்டு இருந்தது.”

“அப்பவே தெரியுமா?”

“மறுநாள் தெரிஞ்சுது.”

“மறுநாள்! மூணு மாசம் நான் எங்கண்ணனைத் திட்டிக்கிட்டே அழுதேன்டி. ஏன்டா இப்படி ஓட்டினே, ஏன்டான்னு கல்லறையில போய்த் திட்டினேன். நீ இங்க காபி குடிச்சிக்கிட்டு இருந்தே.”

அடித்திருந்தால் தேவலை. அவள் அடிக்கவில்லை. அண்ணனின் பொருள்கள் இருந்த காலணிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

“போய்ச் சொல்லு. எனக்கில்ல, போலீசுக்கு.”

அன்றே சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. போலீஸ் ஆலைக்கு முத்திரை வைத்து, இயந்திரத்தின் மின்கம்பியை வெட்டிச் சாட்சியமாக எடுத்துப் போனது. டிர்க் கையில் கட்டோடு வந்து, எல்லாம் வலியில் உளறியது என்றார். அவருடைய வக்கீல் என்னைப் பொய்க்காரி என்றார். ஒரு வாரம் எனக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

எட்டாம் நாள் காலை, ஒன்பது மணிக்கு, டிர்க் போன் செய்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“கிரீட்... ஆலையில இருக்கேன்.”

“முத்திரையை உடைச்சீங்களா?”

“பதிவுப் பெட்டியைக் கழட்டத்தான் வந்தேன். எப்படி இதுல ஏறினேன்னு தெரியல. சாதா பூட்ஸ்தான் போட்டிருக்கேன், ஆனா கால் பெடல்ல பூட்டிக்கிச்சு. கழல மாட்டேங்குது. பெடல் தானா சுத்துது.”

“கரண்டே கிடையாதே.”

“தெரியும்டி! எப்படி அணைக்கிறது, சொல்லு!”

“எந்தப் பக்கம் தாழுது?”

“தாழலை.” மூச்சு இரைத்தது. “முன்பக்கம் தூக்கிக்கிட்டே போகுது. கொஞ்சம் கொஞ்சமா.”

எனக்குப் புரிந்தது. வானஸ் மேடு ஏறுகிறான்.

“பிரேக் பிடிச்சுப் பாருங்க, டிர்க்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

காட்டுச்சாலை இறக்கத்துக்கு முன்னால் வரும் அந்த மேடு இரண்டு கிலோமீட்டர். வானஸ் அதை ஆறு நிமிடத்தில் ஏறிவிடுவான்.