கலாட்டாப் பாலத்து விருந்தாளி

சந்தியாகு மதியச் சோற்றை மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவார். தூத்துக்குடியில் மற்றவர்கள் குட்டித் தூக்கம் போட்டு எழுகிற நேரம் அது. அவர் அப்போதுதான் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படியச் சீவி, தட்டுக்கு முன் வந்து உட்காருவார். மகள் ஜெனிட்டா சோற்றைப் போட்டுச் சீலாமீன் குழம்பை ஊற்றுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைப்பார்.

"இன்னைக்கு என்னப்பா வந்திருக்கு?"

"அயிலை மீனு. சுட்ட அயிலைய ரொட்டிக்குள்ள வச்சிருக்கான். பச்சை வெங்காயம், மேல எலுமிச்சை."

பல்லில் அரைபடுவது சீலாவும் சோறும். நாக்கில் இருப்பது இஸ்தான்புல். ஜெனிட்டா பார்த்துப் பார்த்துக் கூட்டிய புளியும் உறைப்பும் அதே நொடியில் இஸ்தான்புல்லில் யாரோ ஒருவர் வாய்க்குப் போய்விட்டன. அரசாங்கம் இதற்குச் சுவைமாற்று என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் லிங்க் என்றார்கள்.

உலகத்தில் யாரும் தன் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்று பயணத் தடைச் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பூமி கொதித்ததும் எரிபொருள் தீர்ந்ததும் காரணம் என்றார்கள். வாகைக்குளம் விமான நிலையத்தில் நின்றுபோன விமானங்களில் கோழி வளர்த்தார்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்த கோழிகள்தான் பெரிய முட்டை இட்டன என்று அங்கே வேலை பார்த்தவர்கள் மாதா மேல் ஆணையிட்டுச் சொல்வார்கள். இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் கிடைத்தவை மட்டும் கடைசிவரை சிடுசிடுப்பாகவே இருந்தனவாம்.

வேற்றூரைப் பார்க்க முடியாததை மனிதர்கள் எப்படியோ பொறுத்துக்கொண்டார்கள். அங்கே தின்ன முடியாததைப் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் லிங்க் வந்தது. நாப்படலம் என்று மெல்லிய ஒன்றை நாக்கில் நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். அது தினம் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் விழிக்கும். அப்போது உன் ருசி அவனுக்கு, அவன் ருசி உனக்கு. அவன் வாயில் ஒன்றும் இல்லையென்றால் அவனுடைய வெறும் வாய்தான் உன் வாயில் இருக்கும். ஆரம்பத்தில் பேச்சையும் அனுப்பினார்கள். பேசிக்கொண்டவர்கள் நேரில் பார்க்கத் தோணி கட்டத் தொடங்கியதால் அதை நிறுத்திவிட்டார்கள்.

எவரோடு எவர் என்பது அதிர்ஷ்டம். சந்தியாகுவின் சிநேகிதர் ஜோக்கிமுக்கு வாய்த்தது ஏதோ குளிர்நாடு. அவிந்த முட்டைக்கோஸைத் தவிர அங்கிருந்து வேறெதுவும் வந்ததில்லை. "அந்தாளு வீட்டுக்குள்ளயே கோஸு முளைக்குதுன்னு நெனைக்கேன்" என்பார் ஜோக்கிம். சந்தியாகுவுக்கு இஸ்தான்புல். தடை வரும்வரை துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றியவர், ஒன்றிலும் ஏறியதில்லை. அந்த ஊரில் கலாட்டா என்று பெயர் வைத்த பாலத்தின்மேல் சத்தமில்லாமல் நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பற்றி ஒரு மாலுமி அவருக்குச் சொல்லியிருந்தான். அந்தப் பாலத்தில் நின்று மீன்ரொட்டி தின்ன வேண்டும் என்பது மட்டுமே அவருடைய ஆசை. இப்போது தினமும் மூன்று மணிக்கு, அந்த ஊரின் மதியச் சாப்பாட்டு வேளையில், அங்கேதான் நின்றார்.

அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பிடிக்கவில்லையென்றால் இணையை அறுத்துக்கொள்ளலாம். ஆள் இறந்தாலும் அறுந்துவிடும். பிறகு தன் ருசி தனக்கே, மறுபடி வரிசை. சந்தியாகுவின் வயதில் அந்த வரிசையில் நின்றவர்கள் அங்கிருந்தே நேராகக் கல்லறைக்குப் போனார்கள். ஆகவே, காலையும் இரவும் ரேஷன் மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு, மிச்சம் பிடித்ததையெல்லாம் மூன்று மணிச் சாப்பாட்டில் கொட்டினார். ஒருநாள் சீலா, ஒருநாள் இறால், ஞாயிறானால் ஆட்டுக்கறி. நாக்கு வழியாக வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே.

அந்தப் பக்கமும் அப்படித்தான். கொழுப்பு சொட்டும் கறி, வெண்ணெயில் குளித்த கத்தரிக்காய், பாகில் ஊறிய பலகாரம்.

"நான் ஆக்குறத ஒருநாளாவது ருசிச்சு, நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்களாப்பா?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"அவன் இன்னும் அறுத்துக்கிடலையே. அதுவே நல்லாருக்குன்னுதான அர்த்தம்?"

"எங்கயோ இருக்கவன் சர்ட்டிபிகேட் எனக்கு எதுக்கு?"

இப்படி நாலு வருஷம் போனது. பிறகு காலில் நீர் கோத்து, மூச்சு வாங்கியது. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கஞ்சிதான் என்றார் டாக்டர்.

"மத்த நேரம் கஞ்சி குடிச்சுக்கிடுதேன். மூணு மணிக்கு முடியாது" என்றார் சந்தியாகு.

ஜோக்கிம் வந்து சொல்லிப் பார்த்தார். "வே, உப்பில்லாத கஞ்சியக் குடிச்சா குடி முழுகிருமா? நான் கோஸு தின்னுகிட்டு உசிரோட இல்லயா?"

"விருந்துக்கு வந்தவனுக்குக் கஞ்சிய ஊத்தவா சொல்லுதீரு? அந்த ஊர்ல தினமும் விருந்துவே. நோயாளின்னு ஒருத்தன் அங்க கெடையாது. ஒருவாய் கஞ்சி போச்சுன்னா அன்னைக்கே அறுத்துருவான்."

"அறுக்கட்டும். நீரு இருப்பீருல்ல?"

"இருந்து? இந்த மாவட்டத்துக்குள்ளயே கெடந்து என்ன செய்ய?"

ஜோக்கிம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வாரம் இறால் தொக்கோடு தட்டிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் ஜெனிட்டா மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மூன்று மணிக்குக் கஞ்சிதான் வந்தது. சந்தியாகு சட்டை மாற்றவில்லை, தலை சீவவில்லை. பாலத்துக்கு அந்தக் கோலத்தில் போகிறோமே என்று கூசிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

நாக்கிலும் கஞ்சி. இணை அறுந்துவிட்டது என்று அவருக்குப் பகீரென்றது. பிறகுதான் கவனித்தார். இது ஜெனிட்டாவின் அரிசிக் கஞ்சி இல்லை. குழைய வேகவைத்த பருப்பு. துளி உப்பில்லை, எண்ணெய் இல்லை. உப்பில்லாததை மறைக்கக் கொஞ்சம் காய்ந்த புதினா.

ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"என்னப்பா, அறுத்துட்டானா?"

"அவனுக்கும் கஞ்சிதான்மா. டாக்டர் எப்பவோ சொல்லிருப்பான். எனக்குக் கஞ்சி ஊத்த வெக்கப்பட்டுகிட்டு இத்தனை நாளா வெண்ணெயா தின்னுருக்கான்."

அதன்பின் இரண்டு பேரும் ஒருவர் கஞ்சியை ஒருவர் குடித்தார்கள். சந்தியாகு மறுபடி தலை சீவத் தொடங்கினார். சில நாளில் புதினா குறைந்தது. பிறகு பருப்பும் நீர்த்தது. பிறகு கசப்பு மருந்தும், ஸ்பூனின் இரும்பும். ஒருநாள் அந்தப் பக்கம் வெறும் வாய் மட்டும் இருந்தது, வறண்டு.

"ஜெனிட்டா, கொஞ்சம் சீலா வாங்கி குழம்பு வைம்மா."

அவள் முறைத்தாள். அப்பா முகத்தைப் பார்த்தபின் பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மூன்று மணிக்குக் குழம்பில் விரலை நனைத்து அவர் நாக்கில் வைத்தாள்.

"முழுங்கப்படாது. வச்சிருந்துட்டுத் துப்பிரணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன் நாக்கில் இருந்த குழம்பு அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் அந்த வறண்ட வாயில், மெள்ள எச்சில் ஊறியது.

"தின்னுதான்மா" என்றார்.

அடுத்த நாள் மூன்று மணி. சலவைச் சட்டை, படிந்த தலை. ஜெனிட்டா கஞ்சியை வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். அவர் ஒரு வாய் குடித்தார். அரிசி, வறுத்த சீரகம், நசுக்கிப் போட்ட பூண்டு. உப்பில்லாத குறையே தெரியாதபடி கூட்டியிருந்தாள். கிண்ணம் காலியாகும்வரை குடித்தார்.

"ஜெனிட்டா."

"என்னப்பா?"

"கஞ்சி நல்லாருக்கும்மா."

நாலு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த சொல். அவள் திரும்பவில்லை. துணி கையிலிருக்க, துடைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு எப்பப்பா போனாரு?" என்றாள்.