வாய்விட்டுக் கூப்பிட்டேன்

வேலை முடிச்சு நான் வீடு திரும்ப எப்பவும் பதினொன்றரை ஆகும். விடிஞ்சதும் வீடு வீடாப் போய், வெறும் வயித்தோட காத்திருக்கிறவங்க கையில ரத்தம் எடுத்து லேப்ல சேர்க்கிறதுதான் என் பொழப்பு. தெருவே என்னை ஊசியக்கான்னு கூப்பிடும். அன்னிக்கு மாடி ஏறி வந்தா, என் கதவுல வக்கீல் நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ரெண்டு மாசத்துல காலி பண்ணணுமாம். பதினெட்டு வருஷம் குடியிருந்த வீடு!

வீடு போனா இன்னொரு வீடு. ஆனா உள்ள இருக்கிற மனுஷனை என்ன பண்றது?

என் புருஷன் செத்து பதினோரு வருஷம். செத்த மறுமாசம் ஒரு மத்தியானம் கட்டில்ல சாஞ்சிருந்தேன். பக்கத்துல மெத்தை மெதுவா அமுங்குச்சு. லேசா ஒரு இருமல். சுருட்டு வாசனை. அவரு பிடிச்சது சிகரெட்தான். போன இடத்துல கிடைச்சதைப் பிடிக்கிறாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். நான் பயப்படல, அழுதேன். அதுக்கப்புறம் தினமும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உசுரோட இருந்தேன்.

நோட்டீஸைக் கிழிச்செடுத்துக்கிட்டு கீழ ஓடினேன். ஓனரம்மா என்னைவிடச் சின்னவ. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "கல்யாணமாகி எம் பொண்ணு மாடிக்குக் குடிவரப் போறாக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"அவரு இன்னும் அங்கதாம்மா இருக்காரு." வாய் தவறிச் சொல்லிட்டேன்.

அவ சிரிக்கல. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அப்ப விட்டுட்டுப் போயிடாதீங்கக்கா. வாசல்ல நின்னு ஆசையா வாய்விட்டுக் கூப்பிடுங்க, வருவாரு."

எவ்வளவு நல்ல மனசுன்னு உருகிப் போயிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு தேடுறது நாய்ப்பாடு. "எத்தனை பேரு?"ன்னு கேப்பாங்க. ஒருத்தின்னு வாய் சொல்லும், ரெண்டுன்னு மனசு சொல்லும். கடைசியில ஒரு மாவு மில்லுக்குப் பின்னாடி ஒத்தை ரூம் கிடைச்சுது. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. வெறும் வீட்டைப் பாத்து வாசல்ல நின்னேன்.

"என்னங்க, என் கூட வாங்க."

எனக்குப் பின்னாடியே ஒவ்வொரு படியா யாரோ இறங்குற சத்தம். சந்தோஷத்துல நான் திரும்பியே பாக்கல.

மூணாம் நாள் மத்தியானம், புது ரூம்ல மெத்தை அமுங்குச்சு. "வந்துட்டீங்களா!"ன்னு கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அடுத்த வாரம் பழைய வீட்டோட இன்னொரு சாவியைக் கொடுக்கப் போனேன். மாடியில அந்தப் பொண்ணு சிரிக்கிற சத்தம். ஓனரம்மா என்னை வாசல்லயே நிறுத்திட்டா.

"அவரு வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா. நீ நல்லா இருக்கணும்."

அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "நல்லதுக்கா. அது உங்க வீட்டுக்காரர் இல்ல. எங்க மாமனாரோட தம்பி, அந்த மாடியிலயே செத்துப் போனவரு. பொண்டாட்டி மூஞ்சில தலையணையை வச்சு அமுக்கிக் கொன்னவரு. ஆம்பளை இருந்தா அடங்கிக் கிடக்கும். தனியா ஒரு பொம்பளை இருந்தாத்தான் பக்கத்துல வரும்."

என் கையில இருந்த சாவியை அவளே எடுத்துக்கிட்டா.

"மாப்பிள்ளை பாதி நாள் வெளியூர்க்கா. எம் பொண்ணு அங்க தனியா இருக்கணும். போகச் சொன்னாப் போகாதாம், யாராவது ஆசையாக் கூப்பிட்டாத்தான் போகுமாம்."

"அடிப்பாவி! நான் மட்டும் பொம்பளை இல்லையா?"

"நீங்கதான் பழகிட்டீங்களேக்கா." கதவைச் சாத்திட்டா.

பதினோரு வருஷம். எவன் பக்கத்துலயோ படுத்து, என் மனசுல இருந்ததெல்லாம் கொட்டியிருக்கேன்.

ரூமுக்கு வந்ததும் என் தலையணையைத் தூக்கிட்டுப் போய்க் குப்பைத்தொட்டியில எறிஞ்சேன். போக வேற இடமில்ல, கூப்பிட நாதியில்ல. கட்டில் பக்கமே போகாம, சுவரோரமா வெறுந்தரையில உக்காந்திருந்தேன். அசதியில எப்பக் கண்ணசந்தேன்னு தெரியல.

மில்லு சத்தத்துல முழிப்பு வந்துச்சு.

தலைக்கடியில மெத்துன்னு இருந்துச்சு.

ஒரு தலையணை. என்னுது இல்ல. உறை மஞ்சளடிச்சுப் போய், நடுவுல ஈரமா இருந்துச்சு. அந்த ஈரத்துல யாரோ கடிச்ச பல்தடம்.