வெளிச்சம் கண்ட முரல்

2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, தாம்பரத்தில் நான் புரொஜெக்டர் ஓட்டிக்கொண்டிருந்த கல்லூரி அரங்கத்துக்கு முனைவர் சுப்ரமணியன் வந்து சேர்ந்தார். ‘உலகக் கடலோர மக்கள் வாழ்வில் முரல் மீன்’ பற்றிப் பேச.

முரலுக்கு ஊசி மாதிரி நீண்ட மூக்கு. இருட்டில் வெளிச்சம் கண்டால் ஈட்டியாய்ப் பாயும். கோவளத்தில் தவழும் குழந்தைக்கும் இது தெரியும். நம் முனைவருக்கு முப்பது நாட்டுப் புள்ளிவிவரம் மட்டும் தெரியும்.

அதனால்தான் அதற்கு முந்தின மாதம் ஒரு ராத்திரி கோவளத்து மீனவன் கங்காதரனின் படகில் ஏறி, அவன் வேண்டாமென்று கெஞ்சியும் டார்ச் அடித்தார். பாய்ந்த முரல் கங்காதரனின் கழுத்தில் இறங்கி அவன் உயிரைக் குடித்தது. கரையேறியதும் அவன் மனைவி காந்தாவின் காலில் விழுந்து அழுத மகான், மறுநாள் போலீசில் ‘குடித்துவிட்டுக் கம்பியில் விழுந்தான்’ என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை காந்தா அரங்க வாசலில் நின்றாள்.

“சார், லைட் அடிச்சது நீங்கதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தாள ஊரே குடிகாரன்னுது. டீ கூட குடிக்காது சார்.”

“இது செமினார்மா, ஒப்பாரி ஹால் இல்ல. ஓரமா உக்காரு.”

திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். திரையில் கடல் படம். அதன் முன்னால், வெளிச்சத்தில் குளித்தபடி முனைவர். ஜப்பான், கரீபியன் என்று உலகைச் சுற்றினார்.

“நம்ம மீனவர்களுக்குக் குடிதான் பிரச்சன. கங்காதரன்னு ஒருத்தன்...”

சளக்.

படத்திலிருந்த அலை அசைந்தது.

கவிச்சி வாடை வந்தது.

“அண்ணா, லைட்ட அமத்து,” என்று காந்தா என் காதில் கிசுகிசுத்தாள்.

ஸ்விட்சை அமர்த்தினேன். வெளிச்சம் போகவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.

போகவில்லை.

“சார், நெசத்த சொல்லிட்டு நவுந்துடுங்க சார்!”

“உளறாத. குடிச்சான், விழுந்தான்...”

திரை கிழிந்தது. முனைவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதன்பிறகே விளக்கு அணைந்தது.

அரங்கம் முழுக்கத் தேடினோம். மீன் இல்லை. மருத்துவமனையில் அவர் தொண்டையிலிருந்து விரல் நீளத்துக்குப் பச்சை நிற முள் ஒன்றை எடுத்தார்கள். பச்சை முள் முரலுக்குத்தான் உண்டு.

ஆள் பிழைத்தார். குரல் பிழைக்கவில்லை. ‘டார்ச் அடித்தது நான்’ என்று கையால் எழுதிக் காந்தாவிடம் கொடுத்தார். மூன்றே சொல்லில் இரண்டு எழுத்துப்பிழை. அவள் அதைக் கோவளத்தில் வீடு வீடாகக் காட்டினாள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி முதல்வர் மேடையேறி, “இரண்டே நிமிஷம் பேசறேன்” என்றார். பட்டப்பகல். புரொஜெக்டர் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை.

முன்வரிசையில் எல்லோருக்கும் உதட்டில் உப்புக் கரித்தது.